தூக்குவாளியும் சாட்சியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அடுத்தவருக்கு உதவி செய்யும்போது நம் விசுவாசத்தைப் பற்றி எப்போது பேசுவது, எவ்வளவு பேசுவது, பேசாமலே இருந்துவிடலாமா என்று. அவற்றில் ஆறு கடிதங்களை எடுத்திருக்கிறேன். ஊர் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் அபார்ட்மெண்டில் எதிர்வீட்டு அம்மா இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். மதியம் நான் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, தலைவாரி விட்டு, கொஞ்ச நேரம் பேசிவிட்டு வருவேன். போன வாரம் எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரி, "மூணு மாசமா போறீங்களே, ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னீங்களா? இல்லேன்னா அது வெறும் சமூக சேவைதானே" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து அந்தக் கதவைத் தட்டவே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
— வாசகி, வேளச்சேரி

பதில்: முதலில் நாளைக்கு மதியம் வழக்கம்போலப் போய்க் கதவைத் தட்டுங்கள் அம்மா, மற்றதை அப்புறம் பேசலாம், ஏனென்றால் நம் குற்ற உணர்ச்சியால் அந்த அம்மாவின் சாப்பாடு ஒருவேளைகூடத் தள்ளிப்போகக் கூடாது.

அந்தச் சகோதரி நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார். ஆனால் அந்த "வெறும்" என்ற வார்த்தையை என்னால் ஏற்க முடியவில்லை. லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியனை எடுத்துப் பாருங்கள். கள்ளர் அடித்துப்போட்டு வழியில் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். இவ்வளவு விவரமாகச் சொன்ன ஆண்டவர், வழியில் அவன் அந்த மனிதனிடம் என்ன பேசினான் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கடைசியில் "நீயும் போய் அந்தப்படியே செய்" என்றார். அப்படியிருக்க, சாப்பாடு கொண்டுபோவது எப்படி வெறும் வேலையாகும்?

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த அம்மா கடைசிவரை கிறிஸ்துவை ஏற்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நீங்கள் சாப்பாடு கொண்டுபோவீர்களா? போவீர்கள் என்றால் அது அன்பு. போகமாட்டீர்கள் என்றால் அது தூண்டிலில் குத்திய புழுதான், படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் நம்மைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும். பத்து குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான். "மற்ற ஒன்பதுபேர் எங்கே" என்று ஆண்டவர் வருத்தத்தோடு கேட்டார், ஆனால் அந்த ஒன்பது பேருக்குக் கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்காக வாயே திறக்கக் கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று பேதுரு எழுதுகிறார். கேட்கிறவர்களுக்கு என்கிறார், அதுவும் சாந்தத்தோடு. ஒருநாள் அந்த அம்மா "ஏம்மா, எனக்காக ஏன் இவ்வளவு பண்றே?" என்று கேட்பார். அன்றைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு "சும்மாதாம்மா, பக்கத்து வீடுதானே" என்று மழுப்பிவிடாதீர்கள். நம்மில் நிறைய பேர் தவறுவது அங்கேதான். "எனக்கு இயேசு நிறைய செய்திருக்கிறார்மா, அதான்" என்று உண்மையைச் சொல்லுங்கள். மேற்கொண்டு கேட்டால் மேற்கொண்டு சொல்லுங்கள், கேட்காவிட்டால் தலைவாரி விட்டு வந்துவிடுங்கள்.

கொல்லிமலைக் கதையை இங்கே சொல்லியே ஆகவேண்டும். ஜெஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனெரித் தம்பதி நூறு வருடத்துக்கு முன்னால் அந்த மலையில் குடியேறினார்கள். ஜெஸி வீடு கட்டினார், பல் பிடுங்கினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பேசவும் செய்தார். ஆனாலும் வருடக்கணக்காக ஒருவர்கூட விசுவாசத்துக்கு வரவில்லை. பிறகு ஒரு கொள்ளைக் காய்ச்சலில் அங்கிருந்த பூசாரி படுத்துவிட்டார். கிட்டே போகவே எல்லோரும் பயந்தபோது இவர்கள் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். அவர் சாகும் முன் தன் பிள்ளையை இவர்கள் கையில்தான் ஒப்படைத்தார். மலைஜனங்களின் மனம் திரும்ப ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். அத்தனை வருட மருந்தும் பல் பிடுங்கலும் வீணாகப் போயிற்று என்று உங்கள் ஜெபக்குழுச் சகோதரியால் சொல்ல முடியுமா?

கேள்வி: நான் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். வார்டில் நோயாளிகளுக்குச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா, தலையில் கைவைத்து ஜெபிக்கலாமா? ஊழியம் செய்ய எனக்கு வேறு நேரமே கிடைப்பதில்லை.
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கண்ணு, நானும் முப்பது வருடம் அந்த வேலை பார்த்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்கு அறுவை சிகிச்சைக்கு முந்தின ராத்திரி, அவரைக் கேட்காமலே கட்டில் பக்கத்தில் நின்று சத்தமாக ஜெபித்தேன். மறுநாள் காலையில் அவர் தலைமை நர்ஸிடம் "எனக்கு வேற நர்ஸ் போடுங்க" என்று கேட்டிருக்கிறார். எனக்குக் கோபமே வந்தது. அப்புறம் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார்கள். "நீ பேசுறது பிடிக்கலேன்னா ரோட்டுல போறவன் விலகிப் போவான். அவர் கையில டிரிப்ஸ் ஏறிட்டிருந்துது. எங்கே எழுந்து போவார்?" அன்றைக்குத் தைத்தது இன்றும் அப்படியே இருக்கிறது.

எழுந்து போக முடியாதவரிடம், நம் கையை நம்பிக் கிடக்கிறவரிடம், நாமாகப் போய்ப் பேசக் கூடாது. கைப்பிரதி வேண்டாம். அவராகவே கேட்டால் ஜெபியுங்கள், மெதுவாக, நாலு வரி. இமாமையோ கோயில் பிரசாதத்தையோ கேட்கிறாரா, அதற்கும் நீங்களே வழி செய்து கொடுங்கள்.

ஊழியம் செய்ய நேரமில்லை என்கிறீர்களே, எட்டு மணி நேரமும் அதைத்தானே செய்கிறீர்கள். படுத்த படுக்கையானவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து முதுகு புண்ணாகாமல் பார்ப்பது, உடம்பு துடைக்கும்போது திரையை முழுசாக இழுத்து மூடி அவர் மானத்தைக் காப்பது, நர்ஸ் என்று கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் போவது எல்லாம் ஊழியம்தான். ஜெஸி பிராண்டின் மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்தவர். ஒருமுறை பேச்சோடு பேச்சாக ஒரு நோயாளியின் தோளில் கைவைத்தார், அந்த ஆள் அழ ஆரம்பித்துவிட்டார். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று டாக்டர் பயந்து கேட்டபோது, இத்தனை நாளாக யாருமே தன்னைத் தொடவில்லை, அதனால்தான் அழுகிறார் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள்.

கேள்வி: எங்கள் வாலிபர் சங்கம் ஒவ்வொரு டிசம்பரும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பெட்ஷீட் கொடுக்கிறது. படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் நாலு பேர் பார்த்து அவர்களும் செய்வார்கள் இல்லையா? "உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கக்கடவது" என்றுதானே வேதம் சொல்கிறது?
— வாசகர், நாசரேத்

பதில்: தம்பி, மத்தேயுவில் அந்த வசனத்துக்கு அடுத்த அதிகாரத்திலேயே வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்றும் இருக்கிறது. பெட்ஷீட்டைப் படமெடுங்கள், உங்கள் கூட்டத்தைப் படமெடுங்கள், வாங்குகிற பாட்டியின் முகத்தை மட்டும் போடாதீர்கள். அவருடைய பேரன் அந்தப் படத்தைப் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

பெட்ஷீட் பற்றியும் ஒன்று கேட்கிறேன். அங்கே என்ன தேவை என்று யாராவது போய்க் கேட்டீர்களா? டிசம்பரில் எல்லாச் சபையும் பெட்ஷீட்டோடுதான் போகிறது. ஜூன் மாதம் அந்தப் பக்கம் ஆளே இருக்காது. ஒரு பாட்டிக்குக் கண்ணாடி உடைந்திருக்கும், ஒரு தாத்தாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டியிருக்கும். பர்திமேயு குருடன் என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று ஆண்டவர் கேட்டார். வேலூரில் பால் பிராண்டுக்கும் இதே பாடம்தான் கிடைத்தது. கை சரியான ஒரு நோயாளி திரும்பி வந்து, இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, தொழுநோய்க்காரன் என்று வேலையும் கொடுப்பதில்லை, நான் எப்படிப் பிழைப்பது என்றார். டாக்டர் அதைக் காதில் வாங்கி, தச்சு வேலை கற்றுக்கொடுக்க ஒரு இடத்தை உண்டாக்கினார். உங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் இந்த வாரமே கையில் ஒன்றும் இல்லாமல் அந்த இல்லத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் கணவர் கிராம ஊழியம், சிறைச்சாலை ஊழியம் எதையும் விடமாட்டார். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கமாட்டார். நான் சொன்னால் முறுமுறுக்கிறேன் என்கிறார்.
— வாசகி, சாத்தான்குளம்

பதில்: அய்யாவிடம் இந்தப் பக்கத்தை அப்படியே கொடுத்துவிடுங்கள். அய்யா, ஆண்டவர் சீலையைக் கட்டிக்கொண்டு கால் கழுவியது தெருவில் போகிறவர்களுக்கு இல்லை, மூன்று வருடமாகக் கூடவே சாப்பிட்ட சீடர்களுக்கு. இன்று ராத்திரியே தட்டிலிருந்து ஆரம்பியுங்கள். சிறைச்சாலைக்கும் விடாமல் போங்கள், அது நல்ல வேலை.

கேள்வி: எனக்கு 67 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, முழங்கால் வலி. இனிமேல் என்னால் என்ன முடியும்? ஜெபிக்க மட்டும்தானே?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: டீச்சர், மேலே சொன்ன ஈவ்லின் பிராண்டை மறுபடி கூப்பிடுகிறேன். 1929-இல் ஜெஸி காய்ச்சலில் இறந்துபோனார். பின்னால் ஈவ்லினுக்கு எழுபது வயது நெருங்கும்போது மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் சொந்தப் பொறுப்பில் மறுபடி மலைக்கே போனார், கணவரும் தானும் போகவேண்டும் என்று ஆசைப்பட்ட மற்ற மலைகளுக்கும் போனார். மட்டக்குதிரையில் ஏறிப் போனார், நடை தளர்ந்தபிறகு இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். கடைசி இருபது வருடம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைக்கவில்லை. 1974-இல் இறந்தபோது அவருக்கு 95 வயது. ஊர்ஜனங்கள் அவரை மலையிலேயே, கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

நீங்கள் மலை ஏற வேண்டாம். உங்கள் தெருவில் பத்தாவது கணக்கில் தடுமாறுகிற பிள்ளை இல்லாமலா இருக்கும்? வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு வங்கிப் படிவம் நிரப்பத் தெரியுமா? சாயங்காலம் நாலு நாற்காலியைத் திண்ணையில் போட்டு உட்காருங்கள், எந்தச் சாதிப் பிள்ளை வந்தாலும் அந்த நாற்காலியிலேயே உட்காரவையுங்கள். உங்கள் ஊரில் இது சின்ன விஷயமில்லை என்று உங்களுக்கே தெரியும். ஜெபமும் இருக்கட்டும், "ஜெபிக்க மட்டும்" என்று அதைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

கேள்வி: நான் இந்து. பக்கத்து வீட்டு கிறிஸ்தவ அம்மா என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மாதம் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். இப்போது வீட்டுக்கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறார். எனக்கு இஷ்டமில்லை. மறுத்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ?
— வாசகி, திருச்சி

பதில்: ஆகமாட்டீர்கள் தங்கச்சி. "அக்கா, நீங்க செஞ்சதை மறக்கமாட்டேன், ஆனா கூட்டத்துக்கு வர எனக்கு மனசில்லை" என்று நேராகவே சொல்லிவிடுங்கள். அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கலாம், தனக்கு அருமையானதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் அவர் ஆசைப்பட்டார். ஆனால் வராததற்காக உங்களிடம் முகம் மாறினால் அது அவர் திருத்திக்கொள்ள வேண்டிய தவறு, உங்களுடையது இல்லை. கிறிஸ்தவ வாசகர்களும் இதைச் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்: நாம் செய்த உதவி யாருக்கும் கடனாகிவிடக் கூடாது.

நீங்களும் அவருக்கு ஏதாவது செய்யுங்கள். எங்களுக்குக் கொடுக்கத் தெரியும், வாங்கத்தான் கூச்சப்படுவோம், ஆண்டவரோ சமாரியாவில் கிணற்றடியில் ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். வருகிற பொங்கலுக்கு அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோங்கள். படைத்ததைச் சாப்பிட எங்களில் சிலர் தயங்குவார்கள், அதனால் படைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "அக்கா, இது உங்களுக்குன்னு முதல்லயே எடுத்து வச்சது" என்று சொல்லிக் கொடுங்கள்.