குதிரை எப்படி வளர்ப்பு விலங்கானது?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மதுரை வீரன் கோயிலைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இயல்பாகவே எழும் கேள்வி: முன்காலைத் தூக்கி, கடிவாளத்தோடு நிற்கும் அந்தக் குதிரை முதன்முதலில் யாரிடம் பழகியது?

ஒரு காட்டு விலங்கைப் பிடித்துப் பழக்குவது வேறு. வளர்ப்பு விலங்காக்குவது வேறு. இரண்டாவது, தலைமுறை தலைமுறையாக நடப்பது. செம்பனை நாற்றங்காலில் வளைந்ததையும் குட்டையானதையும் கழித்துவிட்டு நல்ல கன்றுகளையே நடுகிறோம். அப்படித்தான் சாதுவான, முதுகு வலுவான குதிரைகளை மட்டும் மனிதர்கள் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டார்கள். குதிரையும் இதற்கு இசைந்தது. ஏனென்றால், அது கூட்டமாக வாழும் விலங்கு. முன்னே செல்வதைப் பின்தொடர்வது அதன் பிறவிக்குணம். அந்த முன்னிடத்தை மனிதன் பிடித்துக்கொண்டான்.

இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் பூர்வீகம் ரஷ்யாவின் வோல்கா, டான் ஆறுகளை ஒட்டிய புல்வெளி என்று 2021இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து வியக்கத்தக்க வேகத்தில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவின. அதற்கும் முன்னால், ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முன்பே, கஜகஸ்தானின் போதாய் மக்கள் குதிரையை நம்பி வாழ்ந்தார்கள். அவர்கள் குடியிருப்பில் கிடைத்த எலும்புகளில் மிகப் பெரும்பாலானவை குதிரையுடையவை. ஆனால் அந்தக் குதிரைகள் இன்றைய குதிரைகளின் நேர் மூதாதையர் அல்ல.

அமெரிக்கப் புல்வெளிகளில் திரியும் மஸ்டாங் குதிரைகளைப் பலரும் காட்டுக் குதிரைகள் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அவை ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்து, பின்னர் தப்பியோடிய வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்தவை.