ஹெட்டை இறக்கலாமா, வேண்டாமா? பழைய குவாலிஸ்காரனிடம் கேட்ட கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. பாளையங்கோட்டையில் வீட்டு வேப்பமரத்தடியில் 2003 டொயோட்டா குவாலிஸ் ஒன்றை நிறுத்திவைத்துக்கொண்டு பதினாறு வருஷமாக அதோடு மல்லுக்கட்டுகிறவன். 2446 சிசி டீசல், மெக்கானிக்கல் பம்ப் டீசலைச் செலுத்துகிற பழைய பம்ப் வண்டி, கம்ப்யூட்டர் கிடையாது. ஹெட்டை, அதாவது சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கின் மேல் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிற பாகத்தை, இரண்டு தடவை கழற்றி இறக்கியிருக்கிறேன், அதில் இரண்டாவது தடவை முழுக்க என் முட்டாள்தனத்தால். பழைய வண்டி வேலை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

அம்பாசமுத்திரத்தில் இருந்து: அண்ணாச்சி, எனக்கும் குவாலிஸ்தான். மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏறும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகுது. ஹெட் கேஸ்கட் போயிட்டு, இறக்கணும்னு பட்டறையில சொல்றாங்க. நானே இறக்கலாமா?

கொஞ்சம் பொறுங்க தம்பி. ஹெட் கேஸ்கட் என்பது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற தகடு, அதை மாற்றத்தான் ஹெட்டை இறக்க வேண்டும். நாங்குநேரி ரோட்டில் எண்பதில் போகும்போது சூடாகவில்லை, மலையில் மட்டும் சூடாகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். வேகமாக ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் நுழைந்துவிடும், இரண்டாம் கியரில் முக்கி முக்கி ஏறும்போது ஃபேன் இழுத்தால்தான் உண்டு. அந்த ஃபேனின் நடுவில் சிலிக்கோன் ஆயில் நிரப்பிய கப்ளிங் ஒன்று இருக்கிறது. வண்டி நன்றாகச் சூடானதும் எஞ்சினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிவிடுங்கள். இறுக்கமாக, பிடித்துப் பிடித்துச் சுற்றினால் நல்லது. பனை ஓலைக் காற்றாடி மாதிரி தன்பாட்டுக்கு நாலு சுற்று ஓடினால் கப்ளிங் அவுட். அதை மாற்ற ஒரு மணி நேர வேலை, ஹெட்டைத் தொடவே வேண்டாம். இதற்கு நேர்மாறாக மலையில் ஒழுங்காக ஏறி, நாலுவழிச் சாலையில் வேகம் பிடித்தால் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு.

கேஸ்கட்டைப் பார்க்கிற விதம் வேறு. காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது (சூட்டில் மூடியைத் திறந்து முகத்தைப் பொசுக்கிக்கொள்ளாதீர்கள்) ரேடியேட்டர் மூடியைத் திறந்து வாய்வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வருகிற ஒன்றிரண்டு குமிழ் கணக்கில்லை. கோலி சோடாவை உடைத்த மாதிரி விடாமல் நுரைத்துக்கொண்டே இருந்தால் அது கேஸ்கட் வழியாக சிலிண்டருக்குள்ளிருந்து கசிகிற காற்று. அப்புறம் மூடியைப் போட்டு மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள், தண்ணீர் சூடாகும் முன்பே அது கல் மாதிரி விறைத்தால் அதுவும் அதே கதை. ஆயில் மூடியின் அடியில் பால் அதிகமான டீ நிறத்தில் குழம்பு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இது எதுவும் இல்லையென்றால் கேஸ்கட் மேல் பழி போடாதீர்கள்.

திசையன்விளையில் இருந்து: ரேடியேட்டரில போர் தண்ணியே ஊத்திட்டு வாரேன் அண்ணாச்சி. கூலன்ட் அவசியமா?

உங்கள் ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சுகிற பானையின் அடியைச் சுரண்டிப் பாருங்கள். அங்கே படிகிற வெள்ளைச் செதில்தான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. ரேடியேட்டரை மட்டும் கழுவினால் போதாது, பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிற டிரெய்ன் போல்ட்டையும் கழற்ற வேண்டும். நான் முதல் தடவை அதைக் கழற்றியபோது ஒரு சொட்டு வரவில்லை. எஞ்சினில் தண்ணீரே இல்லையோ என்று நினைத்துவிட்டேன். தென்னை ஈர்க்குச்சியை விட்டுக் குத்தினால் தேரி மண் குழைத்த மாதிரி ஒரு செஞ்சேறு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, அப்புறம்தான் தண்ணீர் பீய்ச்சியது. தெளிவாக வரும்வரை அலசிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். தாமிரபரணித் தண்ணீர்தானே, நல்ல தண்ணீர் என்று எங்கள் பக்கத்து ஆட்களும் ஊற்றுவார்கள். குடிக்க நல்லது, எஞ்சினுக்கு அதுவும் வேண்டாம். உங்கள் பக்கம் தேரிப் புழுதி வேறு, ஏர் ஃபில்டரை அடிக்கடி திறந்து பாருங்கள்.

மேலப்பாளையத்தில் இருந்து: குமிழ், விறைத்த ஹோஸ், எல்லாம் பார்த்தாச்சு அண்ணாச்சி, கேஸ்கட்டேதான். வீட்டில் வைத்தே இறக்கப் போகிறேன். எதில் தவறு நடக்கும்?

கழற்றுவதில் பெரிய தவறு நடக்காது, மாட்டும்போதுதான் எல்லாம். கழற்றும்போது ஓர போல்ட்டுகளில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள், ஒரேயடியாக அவிழ்க்காமல் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் ஹெட்டின் படத்தை வரைந்து, ஓட்டை போட்டு, எந்த போல்ட் எங்கே இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். போனில் படம் எடுத்தால் போதாதா என்பீர்கள். போனைக் கிரீஸ் கையோடு எடுத்துப் பாருங்கள், தெரியும்.

இனி என் முட்டாள்தனம். முதல் தடவை ஹெட் வளைந்திருக்கிறதா என்று வீட்டில் துணி தைக்கிற அடிஸ்கேலை வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு நேராகத் தெரிந்தது, புது கேஸ்கட் போட்டு மாட்டிவிட்டேன். மூன்றே மாதம், குற்றாலம் சீசனில் குடும்பத்தோடு ஆலங்குளம் தாண்டியதும் மறுபடியும் அதே நுரை. ஹெட்டின் வளைவு முடியை விடச் சன்னமாக இருக்கும். அதற்கென்று உள்ள நேர்க்கட்டையையும் ஃபீலர் கேஜையும் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) வைத்து நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைக்கு மூலை பார்க்க வேண்டும், எவ்வளவு வரை போகலாம் என்று வண்டியின் மேனுவலில் இருக்கும். இதை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அவர்களே பிரஷர் விட்டு விரிசல் இருக்கிறதா என்றும் சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றையும் நானே செய்வேன் என்கிற வீம்பு இந்த இடத்தில் வேண்டாம்.

பிளாக்கில் போல்ட் இறங்குகிற குழிகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் ஊசி போடுகிற சிரிஞ்சால் உறிஞ்சி, துணி விட்டுத் துடைத்துவிடுங்கள். அது தெரியாமல் முறுக்கினால் உள்ளே மாட்டிய திரவம் நசுங்காது, பிளாக்கில் விரிசல் விழுந்துவிடும். சில டீசல் எஞ்சின்களுக்குக் கேஸ்கட்டே இரண்டு மூன்று தடிமனில் வருகிறது, பிஸ்டன் எவ்வளவு மேலே எட்டிப் பார்க்கிறதோ அதற்குத் தக்கபடி. பழைய கேஸ்கட்டின் ஓரத்தில் அதன் தடிமனைக் காட்டுகிற வெட்டுகளையோ துளைகளையோ எண்ணிப் பார்க்காமல் தூக்கி எறியாதீர்கள். முறுக்கும்போது நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, மூன்று நான்கு கட்டமாக, டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டுகிற ஸ்பேனர்). அது இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள், என்னுடையதையே தருகிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்துவிட வேண்டும்.

தென்காசியில் இருந்து: அண்ணாச்சி, அப்பா பழைய குவாலிஸ் வாங்கியிருக்காங்க. டைமிங் பெல்ட் எப்போ மாத்தினதுன்னு யாருக்கும் தெரியல.

அப்படியானால் இன்றைக்கே மாற்ற வேண்டியதுதான் தங்கச்சி. பிஸ்டனும் வால்வும் தாளம் தப்பாமல் இயங்க வைக்கிற பெல்ட் அது. ஒரு லட்சம் கிலோமீட்டர் கணக்கு என்பார்கள், ஆனால் கைமாறி வந்த வண்டியின் மீட்டரை நம்பி யார் உட்கார்ந்திருப்பது? ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் ஹெட் வேலைதான். பெல்ட்டோடு டென்ஷனர் பேரிங்கையும் அங்கிருக்கிற ஆயில் சீல்களையும் மாற்றச் சொல்லுங்கள், கசிகிற ஆயில் புது பெல்ட்டைத் தின்றுவிடும். அப்பா தானே செய்வதாக இருந்தால் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு), டீசல் பம்ப் மூன்றின் குறிகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். மாட்டி முடித்ததும் உடனே செல்ஃப் அடிக்காமல் ஸ்பேனரால் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறி மறுபடி சேர்கிறதா என்று பார்க்கட்டும். நடுவில் டக்கென்று நின்றால் பலம் காட்டாமல் அப்படியே விட்டுவிட வேண்டும், குறி தப்பியிருக்கிறது.

வள்ளியூரில் இருந்து: டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகல. டீசல் குழாய்ல காத்து அடைச்சிருக்கு, ஏர் லாக்னு இன்ஜெக்டர் நட்டை லூசாக்கச் சொல்றாங்க. வண்டி மஹிந்திரா ஸ்கார்பியோ, எம்ஹாக் எஞ்சின்.

தொடாதீர்கள். அது என் வண்டி மாதிரி பழைய பம்ப் வண்டிக்கான வைத்தியம். உங்களுடையது காமன் ரயில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும், அந்தக் குழாய்க்குள் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறும், டீசல் ஊசி மாதிரி தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். ஃபில்டர் பக்கத்தில் மட்டும் காற்றை வெளியேற்றுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொண்டு போங்கள்.

களக்காட்டில் இருந்து: நீலப் புகை போடுது, ஆயில் குடிக்குது. போர் வேலை செய்யணும்னு ஒருத்தர், வால்வ் சீல்தான்னு இன்னொருத்தர். யார் சொல்றது சரி?

எப்போது புகைக்கிறது என்பதைப் பொறுத்தது. போர் என்பது பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் துளை, வால்வ் சீல் என்பது வால்வ் வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கிற சீல். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஒரு குப்பென்று நீலமாக விட்டு அப்புறம் தெளிந்தால் பெரும்பாலும் வால்வ் சீல். லோடில் இழுக்கும்போதும் விடாமல் புகைத்தால் பிஸ்டன் ரிங், போர் பக்கம் பாருங்கள். டர்போ வண்டியாக இருந்தால் அதற்கு முன் டர்போ ஹோஸுக்குள் விரலை விட்டு ஆயில் குளமாக நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, முறுக்காமல் அந்தத் துளையின் மேலேயே வைத்துப் பாருங்கள், அது குதித்து ஆடினால் காற்று கீழே கசிகிறது. உறுதியாகத் தெரிய ஹீட்டர் பிளக் துளை வழியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறுகிற அழுத்தம்) பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டி கேஜ் ஆகாது, டீசலில் 400 பிஎஸ்ஐ பக்கம் ஏறும், முள் சுற்றிப் போய்விடும். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் தேய்மானம், ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்த ஒன்றில் என்ன என்று தேடலாம். போர் வேலை என்றால் அது லேத்துக்காரர் வேலை, நீங்களும் நானும் கழற்றிக் கொடுத்து மாட்டிக்கொள்கிற ஆட்கள்.

பேட்டையில் இருந்து: பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு இவ்வளவு செலவு வேணுமா அண்ணாச்சி? பழைய எஞ்சின் ஒண்ணு வாங்கி மாட்டிட்டா என்ன?

பாடியும் சேஸிஸும் துருப்பிடித்திருந்தால் வேண்டாம், விற்றுவிடுங்கள். அவை நன்றாக இருந்தால் செலவழிக்கலாம். எஃப்சி காட்டி ஆர்சியை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம், பசுமை வரி கட்ட வேண்டும். எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால் மாட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ ஆபீசில் அனுமதி கேட்டு, அந்த எஞ்சினின் பழைய வண்டிக் காகிதங்களையும் பில்லையும் வாங்கி வைத்து, ஆர்சியில் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். காகிதம் தர மாட்டேன் என்கிறவரிடம் எஞ்சின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.