‘விஷம்’ என்ற ஒரு சொல்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். மகளின் 21-ஆவது பிறந்தநாளுக்கு, டவுனில் புதிதாகத் திறந்த, டிக்டாக்கில் எல்லாரும் படம் போடுகிற ஒரு கஃபேக்கு ஆறு பேர் போனோம். பில் 386 ரிங்கிட். மெனு படத்தில் ஐந்து இறால், தட்டில் மூன்று. புகை வரும் பானத்தில் ஒரு நிமிடம்கூடப் புகை நிற்கவில்லை. 90 நிமிடத்தில் எழுந்திருக்கச் சொன்னார்கள். பணிப்பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை. மிச்சமான நீலச் சோற்றைப் புங்குஸ் (பொட்டலம்) கட்டிக்கொண்டு, வழியில் பசார் மாலாம் (இரவுச் சந்தை) பார்த்துவிட்டு வீடு வந்தோம். இரவு பதினொன்றரைக்குப் பிள்ளைகள் மூன்று பேரும் அதைச் சாப்பிட்டார்கள். இரண்டு மணிக்கு மூவருக்கும் வாந்தி. பெரியவர்கள் எங்களுக்கு ஒன்றும் இல்லை. கோபத்தில் மகளின் டிக்டாக் கணக்கில் வீடியோ போட்டேன்: “விஷத்தைக் காசு கொடுத்து வாங்காதீங்க, என் பிள்ளைங்க மூணு பேரும் ஆஸ்பத்திரியில.” 84,000 பேர் பார்த்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து லாயர் லெட்டர் வந்திருக்கிறது: ஏழு நாளில் நீக்கி, மன்னிப்புக் கேட்டு, 150,000 ரிங்கிட் கட்ட வேண்டுமாம். பாதிக்கப்பட்டவர்கள் நாங்கள். மன உளைச்சலுக்கு நான் திருப்பி வழக்குப் போட முடியுமா?

பதில்: போட வேண்டாம், சகோதரி. இறாலையும் புகையையும் பணிப்பெண்ணையும் ஓரமாக வையுங்கள். அவற்றுக்காக யாரும் உங்களுக்கு லெட்டர் அனுப்பவில்லை. “படத்தில் ஐந்து, தட்டில் மூன்று, இந்த விலைக்கு இது அநியாயம்” என்றால் முதல் பாதி உண்மை, மறு பாதி கருத்து. அப்படிப் பேசியவருக்கு 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தில் நியாயமான கருத்துரை என்ற தற்காப்பு இருக்கிறது. உங்கள் தலைக்கு மேல் தொங்குவது இரண்டே சொல்: ‘விஷம்’, ‘ஆஸ்பத்திரியில’. இரண்டும் நடந்ததாகச் சொன்ன செய்தி, கருத்து அல்ல. நடந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பொய் என்று நிரூபிக்கும் சுமை கடைக்காரருக்கு இல்லை. நொந்துபோய் எழுதுகிற பலருக்கும் இது தலைகீழாகத்தான் புரிந்திருக்கிறது.

நீங்கள் இணைத்திருப்பது கிளினிக்கில் வாங்கிய இரண்டு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று). மூன்றாவது பிள்ளைக்கு எந்தச் சான்றும் இல்லை. யாரும் வார்டில் சேரவில்லை. ‘ஆஸ்பத்திரியில’ என்ற சொல் அங்கேயே விழுந்தது. எம்.சி.யில் இரைப்பைக் குடல் அழற்சி என்று இருக்கிறது. அது நோயின் பெயர், எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று அது பேசாது. மலப் பரிசோதனை இல்லை. உணவு நச்சு, 1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவர் அறிவிக்க வேண்டிய ஒன்று. அன்றே கோலகங்சார் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் போயிருந்தால் அதிகாரிகள் சமையலறையில் மாதிரி எடுத்திருக்கலாம். மூன்று வாரம் கழித்துப் போனால் அந்தச் சோறு எங்கே இருக்கும்?

சோற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் வழக்கு உடைவது அங்கேதான். உங்கள் வீடியோவே நேரத்தைக் காட்டுகிறது: 7.42-க்குத் தட்டு வருகிறது. ஒளிவளையம் வைத்துப் படம் பிடித்து முடிக்கும்போது 8.20. அதன் பிறகு பொட்டலம் காரில், பசார் மாலாம் முடிகிற வரைக்கும். பதினொன்றரைக்குச் சாப்பாடு, இரண்டு மணிக்கு வாந்தி. வேகவைத்த அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் பிழைத்திருக்கும். வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். திரும்பச் சுடவைத்தாலும் அந்த நச்சு போகாது. சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். உங்கள் கணக்கு அதில் அப்படியே பொருந்துகிறது. கஃபேயில் உட்கார்ந்து மட்டும் சாப்பிட்ட பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரரும் மதியம் வடித்த சோற்றை மாலை வரை வெளியே வைத்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. இரண்டுக்கும் இடமிருக்கும்போது, நிரூபிக்க வேண்டியவர்தான் தோற்பார்.

இனி, இந்த நிலையில் கட்சிக்காரர்கள் வழக்கமாக விழுகிற குழிகள்.

முதலாவது, லாயர் லெட்டரையே படம் பிடித்து “என்னை மிரட்டுகிறார்கள்” என்று இன்னொரு வீடியோ போடுவது. அது புதிய பிரசுரம், அதோடு காழ்ப்புக்கும் சாட்சி. காழ்ப்பு நிரூபணமானால் நியாயமான கருத்துரை என்ற தற்காப்பும் போய்விடும், இறாலைப் பற்றிச் சொன்னதும் சேர்ந்து மாட்டும். உங்கள் வீடியோவுக்குக் கீழே “கடையை இழுத்து மூடுற வரைக்கும் விடமாட்டேன்” என்று நீங்கள் எழுதிய பதில் நான் பார்த்ததிலேயே மோசமான வரி. 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு, பொய்யான ஒன்றைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு பதிவிடுவதைக் குற்றமாக்குகிறது. 11.2.2025 முதல் அதன் அபராத உச்சம் 500,000 ரிங்கிட், சிறை இரண்டு ஆண்டு வரை. கடைக்காரர் போலீஸ் ரிப்போர்ட் செய்ய நினைத்தால் அந்த ஒரு வரியைத்தான் பிடிப்பார்.

அடுத்தது மகள். லெட்டர் உங்கள் பெயருக்கு வந்திருக்கிறது, கணக்கோ அவருடையது. சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு, கணக்கின் சொந்தக்காரர்தான் பதிவிட்டவர் என்று ஊகித்துக்கொள்கிறது. இல்லை என்று மறுத்து நிரூபிப்பது அவர் தலையில். 21 வயதில் வேலைக்குப் போகத் தொடங்கும் பெண்ணை இரண்டாவது பிரதிவாதியாக்க ஒரு நாள் போதும். வீடியோவை ஃபேஸ்புக் குழுவில் ஷேர் செய்த மைத்துனரும் தனியாக மாட்டுவார். தோட்டத்து வாட்ஸ்அப் குழு ‘நம்ம ஆளுங்கதானே’ என்று எண்ண வேண்டாம், அங்கே அனுப்பினாலும் பிரசுரம்தான்.

மூன்றாவது, அவசரமாக அழிப்பது. முதலில் பதிவின் இணைய முகவரி, தேதி, பார்வை எண்ணிக்கை, கீழே உள்ள கருத்துகள் எல்லாம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மூல வீடியோக்களை நேரக் குறிப்போடு வேறொரு இடத்தில் வையுங்கள். பிறகு இன்றே இறக்குங்கள். ஏழு நாள் கெடு சட்டம் போட்ட கெடு அல்ல, ஆனால் வீடியோ நிற்கிற ஒவ்வொரு நாளும் இழப்பீட்டுக் கணக்கில் ஏறும்.

நான்காவதுதான் ஆளையே விழுங்குவது. லெட்டருக்குப் பதில் போடாமல் இருந்துவிட்டு, சம்மன் வந்ததும் அதையும் இன்னொரு லெட்டர் என்று நினைத்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பது. ரிட் என்கிற அந்தச் சம்மன் கையில் கிடைத்தால், வழக்கை எதிர்கொள்வதாகத் தெரிவிக்கும் ஆஜர் குறிப்பை 14 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒருதலைத் தீர்ப்பு வாங்கிவிடுவார்கள். சோற்றுக் கதையைச் சொல்ல உங்களுக்கு மேடையே கிடைக்காது. தீர்ப்புக் கடன் 100,000 ரிங்கிட்டைத் தொட்டால் திவால் மனு போடலாம். 150,000 என்ற தொகை பயமுறுத்தத்தான், நீதிமன்றம் அவ்வளவு கொடுக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் எதிர்ப்பார் இல்லாத இடத்தில் எந்தத் தொகையும் பெரிதாகிவிடும்.

சமரசம் பேசுங்கள். கடைக்காரரிடம் நேரில் போய்க் கண் கலங்கியோ வாட்ஸ்அப்பில் எழுதியோ “பொய் சொல்லிட்டேன்” என்று சொல்லிவிடாதீர்கள். அது ஒப்புதல் வாக்குமூலம். ஒரு லாயர் வழியாக, ‘வித்அவுட் பிரெஜுடிஸ்’ (சமரசத்துக்காகச் சொல்வது, ஒப்புதல் ஆகாது) என்று தலைப்பிட்ட கடிதத்தில் பேசுங்கள். மன்னிப்பு என்று அவர்கள் எழுதித் தருவதில் கையெழுத்துப் போட வேண்டாம். விளக்கம் ஒன்றை நீங்களே எழுதிக் கொடுங்கள்: “என் பிள்ளைகளின் உடல்நலக் குறைவுக்குக் காரணம் மருத்துவ ரீதியாக உறுதிசெய்யப்படவில்லை. அவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படவில்லை. அந்தப் பதிவை நீக்கிவிட்டேன்.” அதே கணக்கில் ஏழு நாள் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் மகளின் பெயரும் மைத்துனர் பெயரும் விடுவிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். உங்களை மட்டும் விடுவித்துவிட்டு அவர்களை விட்டுவைக்கிற ஒப்பந்தம் பாதி ஒப்பந்தம்தான். ‘இனி கடையைப் பற்றி எதுவும் பேச மாட்டேன், பேசினால் இவ்வளவு கட்டுவேன்’ என்ற வரி இருந்தால் வெட்டுங்கள். எதிர்த்தரப்பு லாயர் செலவில் ஒரு சிறு பங்கு கேட்டால் தவணையில் கொடுத்துவிடலாம், வழக்கு நடத்துகிற செலவுக்கு முன்னால் அது தூசு.

இறாலுக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, ஐந்து ரிங்கிட் கட்டி பாரம் 1 என்ற படிவத்தைக் கொடுத்தால் போதும், லாயர் தேவையில்லை. அதில் வாந்தியைச் சேர்த்து எழுதினால் உடற்காயம் என்று அந்தப் பகுதியைத் தள்ளிவிடுவார்கள், அந்த அதிகாரம் அவர்களுக்கு இல்லை. என்னைக் கேட்டால் அந்தப் பாரத்தையும் நிரப்ப வேண்டாம். சமரசத்தில் விட்டுக்கொடுக்க உங்கள் கையிலும் ஏதாவது இருக்க வேண்டும், அந்த இறால் கணக்கை விட்டால் வேறு எதுவும் இல்லை.