ஒபாமாகேரை ஏன் ரத்து செய்ய முடியவில்லை? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஒபாமாகேர், அஃபோர்டபிள் கேர் ஆக்ட் என்று இரண்டு பெயர்கள் செய்தியில் அடிபடுகின்றன. இரண்டும் வேறு வேறா? (வாசகர், கும்பகோணம்)

ஒன்றேதான். 2010 மார்ச் 23 அன்று அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அது. ஒபாமாகேர் என்பது எதிர்த்தவர்கள் பரப்பிய பெயர். பின்னால் ஒபாமாவே அதை ஏற்றுக்கொண்டார்.

கேள்வி: அந்தச் சட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது? அதன்மேல் ஏன் இவ்வளவு கோபம்? (வாசகர், மதுரை)

அடுப்புக்கு மூன்று கல் போல இந்தச் சட்டத்துக்கும் மூன்று கல். முதல் கல்: நோயைக் காட்டி யாருக்கும் பாலிசி மறுக்கக் கூடாது, பிரீமியத்தைக் கூட்டவும் கூடாது. வயதுக்காகக் கூட்டலாம்; அதுவும் இளைஞர் கட்டுவதைப் போல மூன்று மடங்குக்குள். இரண்டாவது கல்: எல்லோரும் காப்பீடு வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டம். 2016 கணக்கில் பெரியவர் ஒருவருக்கு 695 டாலர் அல்லது வருமானத்தில் இரண்டரை சதவீதம், எது அதிகமோ அது. மூன்றாவது கல்: வறுமைக்கோட்டைப் போல நான்கு மடங்கு வருமானம் வரை உள்ளவர்களுக்குப் பிரீமியத்தில் மானியம். இவை தவிர, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டு, வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ளவர்களுக்கும் விரிக்கப்பட்டது.

கோபம் பெரும்பாலும் இரண்டாவது கல்லின் மேல்தான். ஆனால் அது இல்லாமல் முதல் கல் நிற்காது என்பதை மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலம் முன்பே பார்த்துவிட்டது. அங்கே 1993-ல் வந்த சட்டத்தில் மூன்றும் இருந்தன. 1995-ல் கட்டாயத்தை நீக்கினார்கள். பாலிசி மறுக்கக் கூடாது என்ற விதியை மட்டும் விட்டுவைத்தார்கள். நோய் வந்தபிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆரோக்கியமானவர்கள் விலகினார்கள், பிரீமியம் ஏறியது, ஏறியதால் இன்னும் பலர் விலகினார்கள். 1999 வாக்கில் மாநிலத்தின் பெரும்பகுதியில் புதிதாகத் தனிநபர் பாலிசி விற்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை.

எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். 'இருக்கிற பாலிசி பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்' என்று ஒபாமா வாக்குக் கொடுத்தார். 2013 இறுதியில் பலர் வீட்டுக்கு வந்தது பாலிசி ரத்துக் கடிதம். மானிய எல்லைக்குச் சற்று மேலே சம்பாதித்த சிறு வியாபாரிகள், விவசாயிகள் முழுப் பிரீமியத்தையும் தாங்களே சுமந்தார்கள்.

கேள்வி: 2017-ல் அதிபர் பதவி, பிரதிநிதிகள் சபை, செனட் மூன்றும் குடியரசுக் கட்சியிடம் இருந்தன. பிறகும் ஏன் ரத்து செய்ய முடியவில்லை? (வாசகர், திருநெல்வேலி)

செனட்டில் மொத்தம் 100 இடம். விவாதத்தை முடித்து ஒரு சாதாரண மசோதாவை ஓட்டெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும். அவர்களிடம் இருந்தது 52. அதனால் 'ரீகன்சிலியேஷன்' என்ற பட்ஜெட் வழியைப் பிடித்தார்கள். அதில் 50 ஓட்டும் துணை அதிபரின் ஓட்டும் இருந்தால் போதும். ஆனால் அந்த வழிக்கு 'பேர்ட் விதி' என்று ஒரு சல்லடை உண்டு: அரசின் வரவு செலவைத் தொடாத எந்தப் பிரிவும் அதில் போக முடியாது. போகுமா போகாதா என்று சொல்பவர் செனட்டின் விதிமுறை ஆலோசகர்.

இதன் விளைவைக் கவனியுங்கள். தண்டம், மானியம், மெடிக்கெய்டு மூன்றும் பணம், அவற்றை எடுக்கலாம். 'பாலிசி மறுக்கக் கூடாது' என்பது பணம் அல்ல, கட்டளை. அதை நேரடியாக எடுக்க முடியாது. அதாவது மற்ற இரண்டு கல்லை உருவிவிட்டு முதல் கல்லின்மேல் மட்டும் பானையை வைக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது நாடு முழுவதும் நடக்கும் என்ற பயம் காப்பீட்டு நிறுவனங்களுக்கே இருந்தது.

முதல் மசோதாவை மார்ச் 24 அன்று ஓட்டுக்கு விடாமலே திரும்பப் பெற்றார்கள். கட்சியின் தீவிரப் பிரிவு 'இது போதாது' என்றது, மிதவாதிகள் 'இது அதிகம்' என்றார்கள். திருத்தி மே 4 அன்று 217-213 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றினார்கள். நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கு பிறகுதான் வந்தது: 2026-க்குள் காப்பீடு இல்லாதவர்கள் கூடுதலாக 2 கோடியே 30 லட்சம் பேர். செனட்டர்களை மிகவும் உலுக்கிய எண் இது.

ஜூலை 25 அன்று விவாதத்தைத் தொடங்கவே 50-50 என்று வந்து, துணை அதிபர் மைக் பென்ஸ் ஓட்டால்தான் முடிந்தது. மாற்றுச் சட்டம் 43-57 என்று தோற்றது. மறுநாள், மாற்று எதுவும் இல்லாமல் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்யும் மசோதா 45-55. இந்த இரண்டாவது தோல்விதான் எங்கள் பார்வையில் முழுக்கதையையும் சொல்கிறது. ஏறக்குறைய இதே மசோதாவை 2015 டிசம்பரில் செனட் நிறைவேற்றியிருந்தது. 2016 ஜனவரி 8 அன்று ஒபாமா தன் வீட்டோ அதிகாரத்தால் அதை நிறுத்தினார். 2017-ல் எதிர்த்து ஓட்டுப்போட்ட ஏழு குடியரசுக் கட்சியினரில் ஆறு பேர் 2015-ல் ஆதரித்தவர்கள். ஒபாமா தடுப்பார் என்று தெரிந்தபோது கை தூக்குவது எளிது. தடுக்க ஆளில்லாதபோது, தன் மாநிலத்தில் எத்தனை பேர் மெடிக்கெய்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியில் வந்தது தண்டத்தையும் இன்னும் சிலதையும் மட்டும் நீக்கும் மெலிந்த மசோதா. ஜூலை 28 அதிகாலை 49-51 என்று தோற்றது. கட்சியை மீறியவர்கள் சூசன் காலின்ஸ், லிசா மர்கோவ்ஸ்கி, ஜான் மெக்கெய்ன். மூளைப் புற்றுநோய் கண்டறியப்பட்ட சில நாட்களில் திரும்பி வந்திருந்த மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டியது அப்போதுதான். விசாரணைக் குழு, இரு கட்சிப் பேச்சு எதுவும் இல்லாமல் அவசரத்தில் செய்வதை அவர் ஏற்கவில்லை. செப்டம்பர் 30-ஓடு அந்த ஆண்டின் பட்ஜெட் வழியும் காலாவதியானது.

கேள்வி: தண்டத்தைப் பிறகு எடுத்துவிட்டார்களே, சட்டம் ஏன் சரியவில்லை? (வாசகர், கோயம்புத்தூர்)

2017 டிசம்பர் வரிச் சட்டம், 2019 முதல் தண்டத்தைப் பூஜ்யமாக்கியது உண்மை. சரியாததற்குக் காரணம் மானியம் கட்டப்பட்ட விதம். மானியம் பெறுபவர் தன் வருமானத்தில் குறிப்பிட்ட சதவீதம்தான் கட்டுவார். மீதி எவ்வளவானாலும் அரசு கட்டும். பிரீமியம் ஏறினாலும் அவர் கையைக் கடிக்காது, அதனால் ஆரோக்கியமானவரும் விலகவில்லை.

2017 அக்டோபரில் இன்னொரு அடி விழுந்தது. குறைந்த வருமானக்காரர்களின் மருத்துவமனைச் செலவைக் குறைக்க நிறுவனங்களுக்கு அரசு கொடுத்துவந்த தொகை நிறுத்தப்பட்டது. நிறுவனங்கள் அந்த இழப்பைப் பெரும்பாலும் 'சில்வர்' எனப்படும் நடுநிலைப் பாலிசிகளின் மேல் ஏற்றின. மானியம் கணக்கிடப்படுவதே இரண்டாவது மலிவான சில்வர் பாலிசியை வைத்துத்தான். ஆகவே மானியம் உயர்ந்தது. பல இடங்களில் சில்வருக்குக் கீழ்நிலையான 'ப்ரோன்ஸ்' (வெண்கலம்) பாலிசி, மானியம் போக, இலவசமாகவே கிடைத்தது. அடிபட்டவர்கள் மானியமே இல்லாத நடுத்தரக் குடும்பங்கள்.

கேள்வி: நீதிமன்றம் வழியாக முயலவில்லையா? (வாசகர், சென்னை)

மூன்று முறை உச்ச நீதிமன்றம் போனது. 2012-ல் தண்டத்தை வரி என்று கொண்டு 5-4 என்று காப்பாற்றியது. ஆனால் மெடிக்கெய்டு விரிவை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. 2015-ல் மானியம் 6-3 என்று தப்பியது. 2021-ல் வழக்குத் தொடுக்கவே தகுதி இல்லை என்று 7-2.

2012 தீர்ப்பின் காயம் இன்னும் ஆறவில்லை. பத்து மாநிலங்கள் மெடிக்கெய்டை விரிக்கவில்லை. டெக்சாஸ், ஃப்ளோரிடா அவற்றில் பெரியவை. ஏழைகள் எல்லோரும் மெடிக்கெய்டில் இருப்பார்கள் என்று நம்பி எழுதிய சட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழே மானியம் வைக்கவில்லை. அதனால் டெக்சாஸில் வறுமைக்கோட்டுக்கு மேலே சம்பாதிப்பவருக்கு மானியம் உண்டு. அதைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும், பிள்ளைகள் இல்லாத பெரும்பாலானோருக்கு மானியமும் இல்லை, மெடிக்கெய்டும் இல்லை. இதைவிடக் கொடுமையான ஓட்டை அந்தச் சட்டத்தில் வேறில்லை.

கேள்வி: ரத்துப் பேச்சு இப்போது ஓய்ந்துவிட்டதா? (வாசகர், திருச்சி)

'ரத்து' என்ற சொல் ஓய்ந்தது, வேலை ஓயவில்லை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், விரிவாக்கத்தில் மெடிக்கெய்டு பெறுபவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ காட்ட வேண்டும் என்கிறது. 2027 தொடக்கத்துக்குள் மாநிலங்கள் இதை அமல்படுத்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை நடந்த தகுதிச் சோதனை அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இதில் என்ன தவறும் என்பதற்கு ஆர்கன்சாஸ் சாட்சி: 2018-ல் அங்கே இதே நிபந்தனையில் சில மாதங்களுக்குள் 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீடு இழந்தார்கள். வேலை பார்த்தவர்களும் கணக்குக் கொடுக்கத் தவறியதால் வெளியே போனார்கள்.

2021-ல் கூட்டிய மானியம் 2025 டிசம்பர் 31-ல் முடிந்தது. அதை நீட்டிக்கும் சண்டையில்தான் அரசு அலுவலகங்கள் 43 நாள் மூடிக் கிடந்தன. பழைய நான்கு மடங்கு எல்லை திரும்பிவிட்டது. தனி ஆளுக்கு 2026 பாலிசிக்கு அந்த எல்லை 62,600 டாலர். அதைத் தாண்டினால் மானியம் முழுவதும் போகும். முன்கூட்டியே வாங்கிய மானியம் அதிகமாகிவிட்டால் 2026 முதல் முழுவதையும் வரிக் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் ஆண்டின் நடுவில் வருமானம் மாறினால் உடனே திருத்தித் தெரிவிப்பது அவசியம்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் இருக்கிறான். எனக்குச் சர்க்கரை நோய். நான் போனால் இந்தச் சட்டம் என்னைக் காக்குமா? (வாசகி, தஞ்சாவூர்)

பார்வையாளர் விசாவில் போனால் காக்காது அம்மா. அவர்களுக்கு விற்கும் பயணக் காப்பீடு இந்தச் சட்டத்துக்குள் வராது. முன்பே இருக்கும் நோயை அது தாராளமாக ஒதுக்கலாம். பாலிசியில் 'பழைய நோய் திடீரென முற்றினால் மட்டும்' என்ற வரி இருக்கிறதா, அதற்கு எத்தனை டாலர் வரை, உங்கள் வயதுக்குப் பொருந்துமா என்று மகனைப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று நிலையான தொகை தரும் மலிவுப் பாலிசி வேண்டாம். அங்கே மருத்துவமனை பில் அதைப் பல மடங்கு தாண்டிவிடும்.

கிரீன் கார்டில் குடியேறினால் நிலைமை வேறு. கார்டு கிடைத்த 60 நாட்களுக்குள், இந்தச் சட்டப்படி அமைந்த காப்பீட்டுச் சந்தையில் பாலிசி எடுக்கலாம், சர்க்கரை நோயைக் காட்டி மறுக்க முடியாது. முதியோருக்கான மெடிகேரைக் காசு கட்டிச் சேர்வதற்கு 65 வயதும், ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்திருப்பதும் வேண்டும். மகனின் கம்பெனிக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்ப்பது பெரும்பாலும் முடியாது. அந்த 60 நாளைத் தவறவிட்டால் அடுத்த சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரும். சேர்க்கை தொடங்குவது நவம்பர் 1.