விருந்துக்கு மசாலா போட்டு சூடா வச்ச ஆப்பிள் ஜூஸ் ஒரு மணி நேரத்துல கசந்து போகுதுன்னா

பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் எல்லாத்தையும் 20 நிமிஷத்துல வடிகட்டி வெளிய எடுத்துடுங்க, அப்புறம் வெறும் ஜூஸை மட்டும் சூடா வைங்க. விருந்து முடியுற வரைக்கும் மசாலாவோடயே அடுப்புல வச்சிருந்தேன்னு எழுதியிருக்கீங்க, கசப்பு அதுலேர்ந்துதான் வந்திருக்கும்.

முக்கியமா ஆரஞ்சுதான் காரணம்னு நினைக்கிறேன். வட்டமா நறுக்கிப் போட்டா தோலுக்கு உள்ள இருக்கற வெள்ளைப் பகுதியும் விதையும் சூட்டுல கிடந்து கசப்பை விட்டுக்கிட்டே இருக்கும், மேல இருக்கற ஆரஞ்சு கலர் தோலை மட்டும் மெல்லிசா சீவிப் போட்டா வாசனை கிடைக்கும், கசப்பு ரொம்ப வராது. கிராம்பும் லேசுப்பட்டதில்ல, 2 லிட்டருக்கு 5, 6 போதும். பொடி வேண்டாம், வடிகட்டவே முடியாது, அடியில சேறு மாதிரி தங்கிடும்.

சந்தேகமா இருந்தா முந்தின நாளே ரெண்டு சின்ன பாத்திரத்துல வச்சுப் பாருங்க, ஒண்ணுல ஆரஞ்சு வட்டம், இன்னொண்ணுல மசாலா மட்டும். ஒரு மணி நேரம் கழிச்சு குடிச்சுப் பாத்தா எதுன்னு தெரிஞ்சுடும்.

வடிகட்டினதை கொதிக்க விடாதீங்க, 65 டிகிரி பக்கம் இருந்தா போதும், ஆவி லேசா வரும் ஆனா குமிழ் வராது. ஜூஸ் புளிப்புங்கறதால அலுமினியப் பாத்திரம் வேண்டாம், ஸ்டீல் ஓகே. நல்ல பிளாஸ்க் இருந்தா அடுப்பே தேவையில்ல.

இனிப்புக்குத் தேன் சேக்கறதா இருந்தா ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு அதை ஒரு வாய் கூட குடுக்கக்கூடாது, சூடு பண்ணினாலும் கூடாது.