பச்சை என்றால் செம்பா?

கேள்வி: மலையேறும்போது எடுத்த மூன்று பாறைப் படங்களை அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் ஆரஞ்சு வட்டங்கள், ஒன்றில் பச்சைத் திட்டு, ஒன்றில் துருச் சிவப்பு. பச்சை செம்பு, சிவப்பு இரும்பு என்று படித்தேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டாம். படத்தில் தெரிவது பாறையின் தோல்தான்.

ஆரஞ்சு வட்டங்களில் சந்தேகமே இல்லை, அது லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். பெரிதாக்கிப் பாருங்கள்: ஓரம் மடல் மடலாக விரிந்திருக்கிறது, நடுவில் குட்டிக் கிண்ணங்கள். கனிமக் கறைக்கு இந்த ஒழுங்கு வராது. கறை விரிசலைப் பிடித்துக்கொண்டு, நீர் வழிந்த தடத்தில் கீழே இறங்கும். இந்த ஆரஞ்சு வகைகளுக்குச் சுண்ணாம்பும் பறவை எச்சத்தின் நைட்ரஜனும் பிடிக்கும். உங்கள் படத்திலும் பாறையின் உச்சியில்தான் இருக்கிறது, பறவை உட்காரும் இடம்.

பச்சைதான் ஏமாற்றும். மாணவனாக இருந்தபோது, எதிர்ச் சரிவில் தெரிந்த ஒரு பச்சைக்காக அரை நாள் ஏறினேன். மேலே போனதும் ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன்மேல் ஊற்றினார். சற்று நேரத்தில் பச்சை இன்னும் அடர்ந்தது. நகத்தால் சுரண்டினேன், செதிலாக வந்தது. உயிருள்ள பொருள். செம்புக் கனிமமான மலாக்கைட் நகத்துக்கு மசியாது. உடைத்தால் விரிசலுக்குள்ளும் பச்சை ஓடும், பக்கத்தில் பெரும்பாலும் இன்னொரு செம்புக் கனிமமான அசுரைட்டின் நீலமும் இருக்கும்.

உங்கள் படத்தில் மஞ்சள் கலந்த பச்சை, நடுநடுவே கறுப்புக் கோடுகள், வரைபடத்தில் எல்லை போட்ட மாதிரி. ரைசோகார்பன் ஜியோகிராஃபிகம் என்ற லைக்கன் என்றே தோன்றுகிறது. கிரானைட், குவார்ட்சைட் போன்ற சிலிக்கா மிகுந்த பாறைகளில் வளரும், சுண்ணாம்புப் பாறையை ஒதுக்கும். ஆக, பாறை எந்த இனம் என்று ஒரு துப்பு கிடைத்தது. செம்பு பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

தயவுசெய்து அதைச் சுரண்டி எடுக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத உயிர் அது. உள்ளங்கை அளவு திட்டு பல நூறு ஆண்டு வயதானதாக இருக்கலாம். பனியாறுகள் எப்போது பின்வாங்கின என்று கணக்கிட தாவரவியலாளர் ரோலண்ட் பெஷல் இதன் அளவைத்தான் பயன்படுத்தினார். பக்கத்தில் லைக்கன் இல்லாத துண்டை உடைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு உண்மையான இரும்புக்கறைதான். ஆனால் இரும்பு கலந்த சாதாரணக் கறுப்பு மைக்கா சிதைந்தாலும் பாறை துருப்பிடிக்கும். துருவுக்குள் கனசதுரக் குழிகள் இருந்தால் மட்டும் எனக்கு ஆர்வம் வரும்: இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொன்னிறக் கனிமமான பைரைட் இருந்து கரைந்துபோன இடம் அது. அப்புறம், பீங்கான் ஓட்டின் மெருகில்லாத பின்புறத்தில் கல்லைத் தேய்த்துப் பாருங்கள், இரும்புக் கனிமம் எது என்று கோட்டின் நிறம் சொல்லும். செம்பழுப்புக் கோடு ஹெமடைட், மஞ்சள்பழுப்பு லிமோனைட், கறுப்பு மேக்னடைட்டாக இருக்கலாம், காந்தம் சொல்லிவிடும். துரு நிறத்திலேயே ஒரு லைக்கனும் உண்டு, அக்கரோஸ்போரா சினோபிகா. இரும்பு மிகுந்த பாறையில் வளர்வது என்பதால் அதைக் கண்டாலும் படம் அனுப்புங்கள்.

அடுத்த முறை நிழலில் எடுங்கள், அளவுக்கு ஒரு நாணயமும் நிறத்துக்கு ஒரு வெள்ளைத் தாளும் வைத்து. உடைத்த முகம் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: பாறையில் மஞ்சளாக மின்னுகிறது. தங்கமா?

பதில்: ஊசியால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் தங்கமாக இருக்கலாம், பொடியாக நொறுங்கினால் பைரைட், இதழ் இதழாகப் பிரிந்தால் மைக்கா.