பேராசிரியர் எழுதுவதை யார் படிக்கிறார்கள்?

கேள்வி: நீதிமன்ற அதிகாரம் பற்றிச் சட்டப் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதும் கட்டுரைகளை அவர்களுடைய மாணவர்களே படிப்பதில்லை. இதனால் யாருக்கு என்ன லாபம்?
- சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: அமெரிக்க அதிபர் டிரம்ப்பைக் கேளுங்கள், லாபக் கணக்கைச் சொல்வார்.

சாமுவேல் பிரே என்ற சட்டப் பேராசிரியர் 2017இல் 'ஹார்வர்டு லா ரெவ்யூ' என்ற சட்ட ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒபாமாவின் குடியேற்றத் திட்டத்தை 2015இல் டெக்சாஸ் நீதிபதி ஒருவர் நாடு முழுக்க நிறுத்தியிருந்தார். டிரம்ப் வந்ததும், சில நாட்டவர் அமெரிக்காவுக்குள் வர அவர் விதித்த பயணத் தடையை ஹவாய் நீதிபதி நிறுத்தினார். தோதான நீதிபதி எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கே போய் வழக்குப் போடுவது இரு தரப்புக்கும் பழகிவிட்டது. வழக்குப் போட்டவரைக் காப்பாற்றுவதோடு நீதிபதியின் வேலை முடிந்தது. வழக்கிலேயே இல்லாதவர்களுக்கும் சேர்த்து அரசின் கையைக் கட்ட அவருக்கு ஏது அதிகாரம் என்று கேட்டார் பிரே. அமெரிக்க நீதிபதிகளின் தடை விதிக்கும் அதிகாரத்துக்கு முன்மாதிரியான பழைய இங்கிலாந்துச் சான்சரி நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கமே இல்லை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் முளைத்தது இது என்றார்.

ஜூன் 27, 2025. அமெரிக்க மண்ணில் பிறந்தாலே வரும் குடியுரிமையைச் சுருக்கும் டிரம்ப்பின் ஆணைக்குக் கீழ் நீதிமன்றங்கள் விதித்த நாடு தழுவிய தடைகளை உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் வெட்டிக் குறைத்தது. தீர்ப்பை எழுதிய ஏமி கோனி பாரெட் பலமுறை பிரேயை மேற்கோள் காட்டுகிறார். (அவரும் ஒருகாலத்தில் இதே பாடத்தை நடத்திய பேராசிரியர்தான்!)

சரி, எல்லாப் பேராசிரியர்களின் பேச்சும் எடுபட்டதா? மிலா சொஹோனி 2020இல் அதே இதழில் பிரேக்கு மறுப்பு எழுதினார். 1913இலேயே, பத்திரிகைகள் தொடுத்த வழக்கில், வழக்காடாதவர்களுக்கும் பொருந்தும் தடையை உச்ச நீதிமன்றமே விதித்திருக்கிறது என்பது அவர் வாதம். பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. பிரேயின் கேள்வி நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அமெரிக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தந்த சட்டம் பிறந்த 1789இல் லண்டனில் வழக்கமில்லை என்பதற்காக, இன்று பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக வக்கீல் வைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? இத்தனைக்கும் அந்த ஆணை அரசியல் சட்டப்படி செல்லுமா என்பதை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. நல்லவேளை, கூட்டு வழக்கு என்ற கதவை அது சாத்தவில்லை. இரண்டே வாரத்தில் நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஒருவர் குழந்தைகளை ஒரே தரப்பாகச் சேர்த்து மறுபடி தடை விதித்தார்.

இரண்டு கட்டுரைகளுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவர்கள் படிக்காதது பேராசிரியர்களின் குற்றமா, தம்பி?